சிவராத்திரிக்குத் திருக்கோணேச்சரம் வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தை முடிந்து மாசி நெருங்கினால் என் கைப்பேசி ஓயாது. கொழும்பில் இருக்கும் மச்சாள், மட்டக்களப்பில் கூடப் படித்தவர்கள், ஹற்றனிலிருந்து ஒருமுறை வந்து எங்கள் வீட்டில் தங்கிப்போன குடும்பம், கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் பிள்ளைகள் என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலையில். கோணேசர் எங்களுக்கு மலையில் இருக்கிற சாமி மட்டுமல்ல, வருடத்தில் சில நாள் எங்கள் தெருவுக்கும் வந்துபோகிறவர். அதனால் முதலிலேயே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அந்த ஓர் இரவுக்கு மட்டும் வந்து விடியத் திரும்பாதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

சிவராத்திரி எந்த நாளில் வரும்?

மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசி இரவு. 2025இல் பெப்ரவரி 26, 2026இல் பெப்ரவரி 15 என வந்தது. 2027இல் மார்ச் 6. இலங்கையில் அது பொது விடுமுறை நாள். விடுமுறை வார இறுதியோடு ஒட்டி வந்தால் சனம் இரண்டு மடங்கு என்று நினைத்துக்கொண்டு ஆயத்தமாகுங்கள்.

சிவராத்திரிக்கு வருவது நல்லதா, தேர்த்திருவிழாவுக்கு வருவது நல்லதா?

இரண்டும் வேறு வேறு அனுபவம். வருடாந்த மகோற்சவம் பங்குனி உத்தரத்தை ஒட்டிக் கொடியேறும். பதினெட்டு நாள் நடக்கும். அதில் வாகனங்கள், தேர், தீர்த்தம் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அழகு இருக்கும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு நிதானமாகக் கும்பிட நினைப்பவர்களுக்கு மகோற்சவத்தின் தொடக்க நாட்களில் ஒன்றைத்தான் சொல்லுவேன். நித்திரை முழித்து, கடற்காற்றில் குளிர்ந்து, நான்கு சாமமும் இருந்து, விடியும்போது பாறையில் நின்று சூரியனைப் பார்க்க மனமும் உடம்பும் உள்ளவர்களுக்குச் சிவராத்திரி.

எப்படி வருவது?

கொழும்பிலிருந்து வீதி வழியே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கோட்டை நிலையத்திலிருந்து வரும் இரவு ரயில் கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து திருகோணமலைக்கு வரும். நித்திரை கொண்டபடி வரலாம் என்பதால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதுவே விருப்பம். ஆனால் விடுமுறைக்கு முதல்நாள் ஆசனங்கள் வெள்ளனவே முடிந்துவிடும், நாள் தெரிந்ததும் பதிந்துவிடுங்கள். மழை வெள்ளத்துக்குப் பிறகு தண்டவாளங்கள் பழுதாகிச் சேவைகள் நிற்பதும் உண்டு. ஆகவே வெளிக்கிட முன் நிலையத்தில் ஒருமுறை கேளுங்கள்.

யாழ்ப்பாணம், வவுனியாப் பக்கத்திலிருந்து வருபவர்கள் ஹொரவப்பொத்தானை வழியாக வரலாம். மட்டக்களப்பிலிருந்து வருவோருக்கு வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று கரையோரப் பாதை. எங்கள் சின்ன வயதில் அந்தப் பாதையில் ஒவ்வொரு துறையிலும் இறங்கி ‘பாதை’ என்று சொல்லும் மிதவைக்காகக் காத்திருக்க வேண்டும். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் ஏறக்குறைய 400 மீற்றர் நீளம். அதைக் கடக்கும்போது ஜன்னல் பக்கம் இருந்தால் குடாவை நன்றாகப் பார்க்கலாம்.

தங்க இடம் கிடைக்குமா?

கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது. நகருக்குள் உள்ள விடுதிகள் முதலில் நிரம்பும், பிறகு உப்புவெளி, அதன் பிறகு நிலாவெளி. ஒருமுறை எங்கள் உறவினர்கள் தொலைபேசியில் வாய்ச்சொல்லாகப் பேசிவைத்த அறையை, அதிக காசு கொடுத்த வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இரண்டு கைப்பிள்ளைகளோடு இரவு ஏழு மணிக்கு வாசலில் நின்றவர்களை எங்கள் வீட்டு விறாந்தையில் படுக்கவைத்தோம். ஆகவே எழுத்தில் உறுதிப்படுத்துங்கள், கொடுத்த முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். உப்புவெளி, நிலாவெளியில் தங்குவோர் நடுச்சாமத்தில் திரும்புவதற்கு ஓட்டோவை முன்னரே பேசிவையுங்கள். திருவிழா இரவில் கோட்டை வாசலில் நின்று பேரம் பேசுவது கடினம்.

கோயிலுக்குப் போகும் வழியில் ஏன் இராணுவம் நிற்கிறது?

கோயில் இருப்பது பிரெட்ரிக் கோட்டைக்குள். கோட்டைக்குள்ளேயே இராணுவ முகாமும் இருக்கிறது. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்று போகவேண்டும் என்பது என் ஆசை. வாசற்கல்லில் இரண்டு கயல்கள் செதுக்கியிருக்கும், பாண்டியரின் சின்னம். பக்கத்தில் சிதைந்துபோன தமிழ்க் கல்வெட்டு. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கியர் அழிப்பார்கள் என்று தொடங்கும் பாட்டாக அதை எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கோயிற் கல் கோட்டைச் சுவரில் நிற்கக் காரணம் இதுதான்: கொன்ஸ்தந்தீனு டி சா என்ற போர்த்துக்கேயத் தளபதி 1622இல் கோயிலைச் சூறையாடினான். தமிழ்ப் புத்தாண்டு நாளில், சாமி ஊர்வலம் போயிருந்த வேளையில் அது நடந்தது என்று சொல்வார்கள். மலையின் உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று என மூன்று கோயில்கள் இருந்ததாகப் பழைய குறிப்புகள் உண்டு. இடித்த கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள், மீதியைக் கடலில் தள்ளினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். கோட்டைக்கு இப்போதுள்ள பெயர் ஆங்கிலேயர் 1803இல் வைத்தது.

கோயில் இல்லாத காலத்திலும் சனம் வந்தது. பாறை விளிம்பில் நின்று கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பூவையும் அரிசியையும் கடலில் தூவிக் கும்பிட்டார்கள். கட்டடமில்லை, மூர்த்தியில்லை, ஆனாலும் மூன்று நூற்றாண்டுக்கு மேல் அந்த இடத்தை விடவில்லை. நான் அந்த வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அவர்களை நினைப்பேன்.

வாசலிலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? அம்மாவுக்கு முழங்கால் வருத்தம்.

ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், மெல்ல ஏறும் தார்ப்பாதை. சாதாரண நாளில் ஓட்டோ மேலே போகும். சிவராத்திரி இரவில் வாகனங்களைக் கீழேயே மறிப்பதுண்டு, நடக்க வேண்டிவரும் என்றே எண்ணி வாருங்கள். அம்மாவை அன்று பின்னேரம் நான்கு மணிக்கே மேலே கூட்டிப்போய், முதற்சாமப் பூசை பார்த்து இறக்கிவிடுவது நல்லது. கடைசியில் படிகளும் உண்டு, அங்கே செருப்பு போட முடியாது. பகலில் வந்தால் வெயில் ஏறிய நிலம் உள்ளங்காலைச் சுடும்.

என்ன உடுத்துவது?

ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குச் சேலையோ பாவாடை தாவணியோ பஞ்சாபியோ. உள்ளே போகும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். காற்சட்டையோடு வந்து வாசலில் சங்கடப்படுகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன், பைக்குள் ஒரு வேட்டி இருந்தால் போதும். அத்தோடு ஒரு தடித்த சால்வை. மாசி இரவில் அந்த மலைக்காற்று எலும்பைத் தொடும்.

இரவு முழுதும் என்ன நடக்கும்?

இரவை நான்கு சாமமாகப் பிரித்து, ஒவ்வொரு சாமத்துக்கும் அபிடேகமும் பூசையும் நடக்கும். ஆகம வழக்கில் முதற்சாமத்துக்குப் பஞ்சகவ்வியம், இரண்டாவதற்குப் பஞ்சாமிர்தம், மூன்றாவதற்குத் தேன், நான்காவதற்குக் கருப்பஞ்சாறு என்று சொல்லுவார்கள். நடுநிசியை ஒட்டி வரும் இலிங்கோற்பவ காலம்தான் உச்சம். அந்த நேரத்தில் உள்வீதியில் அசைய இடமிராது.

சாமத்துக்கும் சாமத்துக்கும் நடுவில் தேவாரம் நடக்கும், சொற்பொழிவு நடக்கும், பிள்ளைகளின் நடனமும் நடக்கும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு ஒரு பதிகம் பாடினார். கடைசிப் பாட்டைத் தவிர மற்றப் பாட்டெல்லாம் ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று முடியும். ஈழத்தில் தேவாரம் பெற்ற தலங்கள் இரண்டு, மன்னாரில் உள்ள கேதீச்சரமும் இதுவும். அந்தப் பதிகத்தில் கடல் முத்தைக் கொண்டுவந்து கொழிக்கிறது என்று வரும் இடத்தில், கீழே அலை மோதும் சத்தம் உண்மையிலேயே கேட்கும். ஓதுகிறவரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தாலும் எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கும்.

எந்த நேரத்தில் சனம் குறைவு?

இலிங்கோற்பவம் முடிந்ததும் கைப்பிள்ளைக்காரர் இறங்கிவிடுவார்கள். இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் கோணேசரையும் மாதுமையம்மனையும் மனங்குளிரக் கும்பிடலாம். நடுநிசியில் நெருக்குப்பட்டு ஒரு கணம் பார்ப்பதை விட, இந்த நேரத்தில் ஐந்து நிமிடம் நிற்பதையே நான் விரும்புவேன்.

விரதத்தை எப்படிப் பிடிப்பது? மருந்து குடிப்பவர்கள் என்ன செய்வது?

முழுநாள் உபவாசமிருந்து, கண்விழித்து, அடுத்தநாள் காலை நீராடிப் பாரணை செய்வதே முறை. முடியாதவர்கள் பாலும் பழமும் எடுப்பார்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் பட்டினி கிடக்கக் கூடாது. எங்கள் அம்மம்மா கடைசி வருடங்களில் நேரத்துக்குச் சாப்பிட்டு, மருந்தும் போட்டுக்கொண்டு, நமச்சிவாய சொல்லியபடி விழித்திருந்தா. அந்த விரதத்தில் எந்தக் குறையும் நான் காணவில்லை.

வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் இருக்கும். பாரணைக்குச் சோறு கறி வேண்டுமென்றால் நகருக்குள் இறங்கிவிடுங்கள்.

கேதீச்சரத்தில் போல நாங்களே தண்ணீர் வார்க்கலாமா?

மன்னார்த் திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரிக்குப் பாலாவித் தீர்த்தத்தை மொண்டுவந்து மகாலிங்கத்துக்கு நாமே வார்க்கும் வழக்கம் உண்டு. கோணேச்சரத்து மூலஸ்தானத்தில் அபிடேகம் செய்வது குருக்கள்மார்தான். பால், இளநீர், தேன், வில்வம் கொண்டுவந்து கொடுக்கலாம். வில்வத்தை வாடாமல் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

இராவணன் வெட்டு எங்கே? மரத்தில் தொட்டில் கட்டுவது ஏன்?

கோயிலுக்குப் போகும் வழியில் பாறை பிளந்து நேரே கடலுக்குள் இறங்கும் ஒரு வெட்டு. தாயின் பூசைக்காக மலையையே பெயர்த்துக்கொண்டு போக நினைத்து இராவணன் வாளால் வெட்டிய இடம் என்பது ஐதீகம். கீழே 300 அடிக்கு மேல் ஆழம். விளிம்பில் நிற்கும் மரத்தில் சின்னச்சின்ன மரத்தொட்டில்கள் தொங்கும். பிள்ளை வரம் கேட்பவர்கள் கட்டியவை.

அங்கே நிற்பவர்களிடம் ஒரு வேண்டுதல். தொட்டில்களைக் கையால் ஆட்டிப் பார்ப்பதும், அவற்றுக்கு முன்னால் சிரித்தபடி படம் எடுப்பதும் வேண்டாம். ஒவ்வொன்றையும் கட்டிய கை எப்படி நடுங்கியிருக்கும் என்று யோசித்தால் போதும்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

வரலாம், ஆனால் கையை விடக் கூடாது. தடுப்புக் கம்பி எல்லா இடத்திலும் இல்லை. இருட்டில் விளிம்பு எது, நிழல் எது என்று தெரியாது. சட்டைப்பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். தவறினால் சந்திக்க ஓரிடம் குறித்துக்கொள்ளுங்கள், முகப்பில் இருக்கிற பெரிய சிவன் சிலையடி எவருக்கும் தெரியும்.

மான்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். கோட்டைக்குள்ளும் நகரிலும் புள்ளிமான்கள் பயமில்லாமல் திரியும். வாழைப்பழத்தைப் பையோடு நீட்டினால் அது பையையும் சேர்த்துத் தின்னும். பொலித்தீன் வயிற்றுக்குள் அடைத்துச் சாகிற மான்கள் உண்டு. அருச்சனைச் சாமானைப் பனையோலைப் பெட்டியிலோ துணிப்பையிலோ கொண்டுவாருங்கள். மேலே கொண்டுவந்த போத்தலை நீங்களே கீழே கொண்டுபோங்கள்.

படம் எடுக்கலாமா?

வெளியே எடுக்கலாம். உள்ளே, குறிப்பாக மூலஸ்தானத்துக்கு முன்னால், கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். இராணுவக் கட்டடங்களைப் படம் பிடிக்க வேண்டாம். ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம்.

வீட்டில் துடக்கு என்றால்?

இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியை முடியாமல் எங்கள் பக்கத்தில் கோயிலுக்குள் போவதில்லை. வீட்டிலிருந்து கும்பிடுங்கள்.

சைவரல்லாத நண்பர்களைக் கூட்டி வரலாமா?

தாராளமாக. வருடம் முழுதும் சிங்கள மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து தட்டு வாங்கி அருச்சனை செய்கிறார்கள். நண்பர்களுக்கு உடையையும், உள்ளே கைப்பேசி ஏன் கூடாது என்பதையும் முன்னரே சொல்லிவிடுங்கள். விபூதியை எப்படி வாங்குவது என்று காட்டிக்கொடுங்கள், அவர்களுக்கு வெட்கமாக இராது.

மற்ற நேரத்தில் எங்கே போகலாம்?

நகருக்குள் பத்திரகாளி அம்மன் கோயில். அதன் கோபுரத்தையும் உட்கூரையில் உள்ள உருவங்களையும் பார்க்க நேரம் எடுங்கள். வடமேற்கே ஏறத்தாழ 8 கிலோமீற்றரில் கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறும் ஏழு விதச் சூடு. இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்ற ஐதீகத்தால், பெற்றோரை இழந்தவர்கள் அங்கே வந்து கிரியை செய்வது பழைய வழக்கம்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், என் சொல் தம்பலகாமம். நெல் வயல்களுக்கு நடுவில் ஆதிகோணநாயகர் கோயில். மலைக்கோயில் அழிந்தபோது காப்பாற்றிய மூர்த்தங்களை வைத்து அங்கே பூசை தொடர்ந்தது என்பது மரபு. மேலே சனத்திரளில் கிடைக்காத அமைதி அங்கே கிடைக்கும்.

ஏன் ஒருநாள் கூடத் தங்கச் சொல்கிறீர்கள்?

சிவராத்திரி முடிந்ததும் கோணேசர் மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வருவார். அது பல நாள் நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பகுதித் தெருக்கள். எந்த நாள் எந்தத் தெரு என்று கோயிலில் கேட்டால் சொல்லுவார்கள்.

இதன் அருமை விளங்க இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். 1950இல், கோயில் இருந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 500 யார் (கெஜம்) தூரத்தில், நகரசபை கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கல மூர்த்தங்கள் வந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார். சூறையாட வந்தவர்களின் கையில் அகப்படாமல் யாரோ புதைத்துவைத்தவை. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கடலுக்குள் சுழியோடிப் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். கிடைத்த மூர்த்தங்களை ஊர் ஊராக ஊர்வலம் கொண்டுபோன பிறகுதான், புதிதாகக் கட்டிய கோயிலில் 1963 மார்ச் 3ஆம் திகதி குடமுழுக்கு நடந்தது. மூன்று நூற்றாண்டுக்கு மேல் மண்ணுக்குள் இருந்தவர் முதலில் வந்தது சனத்தைப் பார்க்கத்தான். அதனால் நகர்வலத்தில் சாமி தெருமுனையில் திரும்பும்போது எங்களுக்கு வருகிற உணர்வு வேறு.

அன்று காலையிலேயே தெருவைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போடுவார்கள். வாழைமரம் கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டு, வாசலில் மேசை வைத்து நிறைகுடமும் குத்துவிளக்கும் வைப்பார்கள். மேளச் சத்தம் தூரத்தில் கேட்டதும் சமையல் அப்படியே நிற்கும். மலையேற முடியாத கிழவிகளைக் கதிரையோடு தூக்கிவந்து படலையடியில் இருத்துவார்கள்.

ஊரில் யாரையும் தெரியாதே, எங்கே நின்று பார்ப்பது?

எந்த வீட்டு வாசலிலும் நிற்கலாம். யாரும் ‘ஆர் நீங்கள்?’ என்று கேட்கமாட்டார்கள். ‘கொஞ்சம் நிற்கலாமா அம்மா’ என்றால் உள்ளே வரச்சொல்லித் தேத்தண்ணி தருவார்கள். சாமி வந்து நிற்கும்போது அந்த வீட்டார் அருச்சனைத் தட்டை நீட்டி, குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயருக்குச் சொல்லுவார்கள். சொல்லி முடிந்ததும் திரும்பி உங்களிடமும் கேட்பார்கள். உங்கள் நட்சத்திரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு வாருங்கள்.